கணினியாக இருந்த மதியம்

நோர்ஷப்பிங் நகரில் பிப்ரவரி.
அடுக்ககத்தின் நிலவறையில்
மூன்று சலவை இயந்திரங்கள், ஓர் உலர்த்தி,
சுவரில் ஒரு மரப்பலகை.
முப்பத்தோரு நாள், நாளுக்கு ஐந்து துளை.
வீட்டுக்கொரு சின்னப் பூட்டு, எண் பொறித்தது.
எந்தத் துளையில் உன் பூட்டோ
அந்த வேளையின் தண்ணீர் உனக்கு.

பலகையைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை வைக்கப்போகிறார்கள்.
அதற்குமுன் ஆராயவேண்டும்.
அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

முதலில் கேட்டோம்.
இருபத்தாறு வீடுகள், இருபத்தாறு காபி.
எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்றார்கள்.
உலர்த்தி வடிகட்டியில் பஞ்சை விட்டுப்போகிற அந்த ஒருவர்மீதுதான்
எல்லோருக்கும் கோபம்.
அவர் யாரென்று இருபத்தாறு பேருக்கும் தெரிந்திருந்தது.
இருபத்தாறு வேறு வேறு பெயர்கள்.

டிராம் ஓட்டும் ஸ்டூரே சொன்னார்:
"எனக்கு எந்த நாளானாலும் சரி."
குறித்துக்கொண்டேன்.
பயனர் ஒன்பது: வளைந்துகொடுப்பவர்.

பிறகு பார்த்தோம்.
மடக்கு நாற்காலி, தெர்மாஸ், கம்பளிக் காலுறை.
பார்ப்பது எளிது என்று சொல்பவர்கள்
நான்கு மணி நேரம் ஒரு கதவைப் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம்தான் கண்ணில் பட்டது.
வியாழன் ஏழு மணித் துளையின் விளிம்பு மட்டும்
தேய்ந்து மினுங்கியது.
வாராவாரம் அதில் ஒன்பதாம் எண் பூட்டு.
ஆனால் வியாழனில் ஸ்டூரே துணியோடு வந்ததே இல்லை.
ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வெறுங்கையோடு வருவார்,
பூட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
படியேறிப் போய்விடுவார்.

ஏழு மணிக்கு லெத்தெப்ரஹான்.
பதினான்காம் எண் வீடு.
காலையில் தொலைபேசி அடித்தால்தான் அன்றைக்கு வேலை,
நாளை என்ன கிழமை என்பதே நாளைக்குத்தான் தெரியும் அவளுக்கு.
கூடையை இடுப்பில் இடுக்கியபடி
நிரம்பிய பலகையில் காலியான ஒரே துளையைக் கண்டு
ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்படுவாள்.

டோர்ப்யொர்ன் இதைப் பதிவேட்டில் எழுதினான்:
முன்பதிவு செய்துவிட்டு வராதவர், மூன்று முறை.

அப்புறம் செய்துபார்த்தோம்.
அட்டையில் திரை, ஒட்டுத்தாளில் பொத்தான்கள்.
விரல் தொட்டதும் ஒருவர் தாளை மாற்றவேண்டும்.
அந்த மதியம் கணினி நான்தான்.
கணினிக்கு விதி ஒன்றே:
வாய் திறக்கக்கூடாது.

ஸ்டூரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வியாழனைத் தொட்டார்.
மாற்றினேன். பதிவாகிவிட்டது.
"இப்போது மணி ஏழரை, நீங்கள் வரவில்லை"
என்றான் டோர்ப்யொர்ன்.
நான் சிவப்பு அட்டையை வைத்தேன்:
பயன்படுத்தாததால் ரத்து.
ஒரு மாதத்துக்கு உங்களால் பதிவு செய்ய இயலாது.

அட்டையைப் பார்த்தார்.
பிறகு என்னை.
கணினியை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

என் பென்சிலை எடுத்து
வியாழன் கட்டத்துக்குள் ஒரு பூட்டு வரைந்தார்.
எண்ணும் போட்டார், நிதானமாக.
பதினான்கு.

"அது என் இடமில்லை,
துண்டு போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.
அவளிடம் சொல்லிவிடாதே.
சொன்னால் நன்றி சொல்ல வந்து நிற்பாள்,
அப்புறம் நான் கேக் வாங்கவேண்டியிருக்கும்."

கணினி தலையாட்டியது.
தலையாட்டுவது பற்றி விதியில் ஒன்றுமில்லை.

இரண்டு வாரமாக வாதாடுகிறோம்.
பதிவு செய்ய ஒரு பொத்தான், ரத்து செய்ய ஒரு பொத்தான்.
பிடித்துவைத்து விட்டுவிட
எந்தப் பொத்தான்?
வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.
வைக்காவிட்டால் இவருக்கு அபராதம்.

சிவப்பு அட்டையை மட்டும் கிழித்துப்போட்டேன்.
எந்தத் தரவின் அடிப்படையில், என்கிறான் டோர்ப்யொர்ன்.
நியாயமான கேள்விதான்.
இன்று வியாழன், மணி ஆறரை.
கோட்டை மாட்டிக்கொள் என்றேன்.